லெனோர்மாண்ட் சீட்டில் வீடு பார்ப்பது: திருகோணமலை வாசகர் கேள்விகள்

லெனோர்மாண்ட் என்பது குறி பார்க்கும் 36 படச் சீட்டுக் கட்டு. சீட்டுகளைப் பரப்பும்போது ஒவ்வொன்றும் விழும் இடத்துக்குத்தான் வீடு என்று பெயர்.

*36 சீட்டையும் பரப்பினேன். ஏழாம் வீட்டில் மோதிரம் விழுந்தது. ஏழாம் வீடு களத்திர ஸ்தானம்தானே அக்கா, கல்யாணம் உறுதியா? (உப்புவெளி)*

அது ஜாதகக் கணக்கு, தங்கச்சி. அங்கே 12 வீடு, இங்கே 36. சீட்டின் எண்தான் வீட்டின் எண். 7 பாம்பு என்பதால் ஏழாம் இடம் பாம்பின் வீடு. மோதிரத்தின் சொந்த வீடு 25. பாம்பின் வீட்டில் மோதிரம் இருந்தால், சம்மதப் பேச்சு சுற்றி வளைத்துப் போகிறது, நடுவில் யாரோ நிற்கிறார்கள் என்று வாசிப்பேன். தரகரிடம் நேரே கேட்டுவிடுங்கள்.

*மீன் கடை வைத்திருக்கிறேன். மீன், எலிகளின் வீட்டில். மீனின் வீட்டிலோ சூரியன். எதை நம்புவது? (திருகோணமலை நகர்)*

இரண்டையும். முதலில் ஒன்று: மீன் சீட்டு உங்கள் பாரையும் சூரையும் அல்ல, பணப்புழக்கம். மரக்கறி விற்பவருக்கும் அதே அர்த்தம்தான்.

ஒரு சீட்டு எந்த வீட்டில் இருக்கிறது என்று பார்த்தால் பாதிதான் தெரியும். அதன் சொந்த வீட்டில் யார் குந்தியிருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 23, எலிகளின் வீடு: காசு கொஞ்சம் கொஞ்சமாக அரிபடுகிறது. 34, மீனின் வீடு: அங்கே சூரியன் என்றால் வரவுக்குக் குறைவில்லை. ஆக, வியாபாரம் நன்றாக ஓடுகிறது, காசு மட்டும் தங்கவில்லை. கடன் கொப்பியை எடுத்துப் பாருங்கள், ஐஸ் செலவையும்தான்.

*கணவர் கடலுக்குப் போகிறவர். கப்பல், சவப்பெட்டியின் வீட்டில் வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது. (மூதூர்)*

பயப்படாதீர்கள். எட்டாம் வீட்டை மரணம் என்று வாசிக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அது முடிவு, நிறுத்தம், சில வேளை நோய். கப்பல் அங்கே வந்தால் பயணம் தள்ளிப்போகலாம், அல்லது ஒரு போக்குவரத்து நின்றுபோகலாம்.

அதைவிட முக்கியம், நீங்கள் வாசித்த வரிசை. கட்டோடு வந்த பழைய குறிப்புத்தாள்களில் ஆள் சீட்டுக்கு எது கிட்ட, எது தூரம் என்பதுதான் கணக்கு. 28 அவர், 29 நீங்கள். முதலில் அவரைச் சுற்றியிருப்பவற்றைப் பாருங்கள், அப்புறம் கப்பலின் பக்கத்துச் சீட்டுகள், வீடு அதற்குப் பிறகு. தனி வீட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கடலுக்குப் போவதா இல்லையா என்பதை வானிலை அறிவிப்புத்தான் சொல்ல வேண்டும், அதுவும் நவம்பர், டிசம்பர் மாதங்களில்.

*ஒன்பது ஒன்பதாக நான்கு வரிசையா, எட்டு எட்டாக நான்கு வைத்துக் கீழே நாலா? (கிண்ணியா)*

வீட்டு எண் இரண்டிலும் ஒன்றுதான். மாறுவது அயல். ஒன்பதில் 1-க்குக் கீழே 10 வரும், எட்டில் 9 வரும். ஒன்றைப் பிடித்தால் அதையே பிடியுங்கள். நான் ஒன்பதுகாரி.

*இந்த வீட்டு முறையை லெனோர்மாண்ட் அம்மையாரா வகுத்தார்?*

இல்லை. பிரான்சின் பேர்பெற்ற குறிகாரியான அவர் 1843-இல் காலமானார்; இந்தக் கட்டு அவர் பெயரை எடுத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். படங்களுக்கு மூலம், 1799 வாக்கில் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் ஹெக்டல் என்பவர் உருவாக்கிய 'நம்பிக்கை விளையாட்டு'. 36 சீட்டையும் ஆறுக்கு ஆறாகப் பரப்பி, தாயக்கட்டை உருட்டிக் காய் நகர்த்துவார்கள். இடத்துக்கு எண் என்பது அங்கேயே இருக்கிறது.

*மூன்று சீட்டு மட்டும் வைத்தால் வீடு பார்க்கலாமா?*

வேண்டாம். முதல் மூன்று வீடு எப்போதும் குதிரைவீரன், மூவிலை, கப்பல். பல்வலி பற்றிக் கேட்டாலும் செய்தி, அதிர்ஷ்டம், பயணம் என்றே வரும்.