கழிவுநீரில் அம்மோனியா: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்யாண மண்டபத்தில் சிறுநீரைத் தனித்தொட்டியில் தேக்கி, பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன மெம்ப்ரேன் (நுண்துளைச் சவ்வு) வழியாக அம்மோனியாவைப் பிரிக்கிறோம். மறுபக்கம் ஓடும் சல்ஃபூரிக் ஆசிட் அதைப் பிடித்து அம்மோனியம் சல்ஃபேட் உரமாக்குகிறது. சில நாட்களாக ஆசிட் டேங்கில் மட்டம் தானாக ஏறுகிறது. மெம்ப்ரேன் போய்விட்டதா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கையுறை போட்டுக்கொண்டு, ஆசிட் டேங்கிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குடுவையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிறமில்லாமல் தெளிவாக இருந்தால் பயமில்லை, நீராவிதான் தாண்டி வருகிறது. சிறுநீர் சூடாகவும் ஆசிட் பக்கம் குளிர்ந்து உப்பு ஏறியும் இருந்தால் அப்படித்தான் ஆகும். இரண்டையும் ஏறக்குறைய ஒரே சூட்டில் வையுங்கள்.

மஞ்சள் தட்டியிருந்தால் நுண்துளைகள் நனைந்துவிட்டன என்று அர்த்தம். துளைகளின் அளவு 0.03 மைக்ரான் போல இருக்கும். பாலிபுரொப்பிலீனில் தண்ணீர் ஒட்டாது. அதனால்தான் வாயு மட்டும் புகுகிறது. சோப்பும் பினாயிலும் கலந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். மண்டபத்தில் ஒவ்வொரு முகூர்த்தம் முடிந்ததும் கழிப்பறையைக் கழுவுவார்களே, சந்தேகம் அங்கேதான். கழுவும் நேரத்தில் வால்வைத் திருப்பி, அந்தத் தண்ணீரைச் செப்டிக் டேங்குக்கு விடுங்கள். பிளீச்சிங் பவுடர் அந்தப் பக்கமே வரக்கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும், மெம்ப்ரேனும் கெடும்.

இப்போதைக்கு இரு பக்கத்தையும் வடித்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். வெள்ளைப் படிவு இருந்தால் 2 சதவீத சிட்ரிக் ஆசிட் கரைசலை அரை மணி நேரம் சுற்றவிட்டு, மறுபடி அலசுங்கள். பிறகு காற்று ஊதி முழுக்க உலர்த்த வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள கம்ப்ரசர் காற்று ஆகாது, அதுவே துளைகளை மறுபடி நனைக்கும். இதற்குப் பிறகும் மஞ்சள் வந்தால் மாற்றுவதுதான் வழி. புதிதாகப் போடும்போது முன்னால் 5 மைக்ரான் ஃபில்டர் கட்டாயம்.

கேள்வி: மாட்டுப்பண்ணையில் சாண எரிவாயுத் தொட்டிக் கழிவுநீர் இருக்கிறது. அதிலிருந்தும் இதே மெம்ப்ரேன் முறையில் அம்மோனியாவைப் பிரிக்க, பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) எவ்வளவு ஏற்ற வேண்டும்? சுண்ணாம்பு போடலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: செட்டிநாட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு சரி, மெம்ப்ரேனுக்கு வேண்டாம். கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து மெம்ப்ரேன் இழைகளை அடைத்துவிடும். காஸ்டிக் சோடா போடுங்கள்.

மெம்ப்ரேனைத் தாண்டுவது அம்மோனியா வாயு மட்டுமே, மின்னூட்டத்தோடு தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியம் அயனி தாண்டாது. 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் 1 சதவீதம்கூட வாயுவாக இருக்காது. 9-ல் 36, 10-ல் 85 சதவீதம். நம்மூர் வெயிலில் தொட்டி 35 டிகிரிக்கு வந்தால் 9-லேயே பாதிக்கு மேல் வாயுவாகிவிடும். வாயு வெளியேற வெளியேற பி.எச். இறங்கும்; ஒரே தடவை போட்டுவிட்டு விட்டுவிடக்கூடாது.

சாணக் கழிவுநீரில் பைகார்பனேட் அதிகம்; காஸ்டிக்கைக் குடிப்பது அதுதான். முதலில் காற்று ஊதிக் கரியமில வாயுவை விரட்டினால் பி.எச். தானாகவே கொஞ்சம் ஏறும், காஸ்டிக் செலவு குறையும். 8.5 வந்ததும் ஊதுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அம்மோனியாவும் கூடவே போய்விடும். நார், சக்கை முழுக்க வடிகட்டாமல் உள்ளே விடாதீர்கள்.

லிட்டருக்கு 2 கிராம் அம்மோனியா நைட்ரஜன் இருந்தால் 1,000 லிட்டரில் 2 கிலோ. அதைப் பிடிக்க 98 சதவீத ஆசிட் சுமார் 7 கிலோ வேண்டும், கிடைப்பது 9.4 கிலோ அம்மோனியம் சல்ஃபேட். ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்றவேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக்கூடாது. ஆசிட் பக்கம் பி.எச். 3-ஐத் தாண்டினால் ஆசிட் தீரும் தறுவாய். காஸ்டிக், ஆசிட் விலையைப் பார்த்தால், உர லாபத்துக்காக மட்டும் இதில் இறங்கினால் கணக்கு உதைக்கும். நாற்றத்தையும் கிணற்று நீர் கெடுவதையும் தடுக்கத்தான் இது பொருந்தும்.

கேள்வி: புழுங்கல் அரிசி ஆலையில் நெல் ஊறவைத்த தண்ணீருக்கும் இதைப் போடலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: வேண்டாம். அதில் பிரச்சினை கரிமச் சத்துதான், அம்மோனியா அல்ல. காற்றில்லா முறையில் எரிவாயு எடுங்கள்.