வீட்டில் ஒப்பித்தது பரீட்சை ஹாலில் எங்கே போகிறது?

பிளஸ் டூ படிக்கும் மகள் வீட்டில் கடகடவென்று ஒப்பிக்கிறாள். கேள்வித்தாளை வாங்கியதும் எல்லாம் மறந்துவிடுகிறதாம். ஞாபகசக்தி மாத்திரை கொடுக்கலாமா? (வாசகி, திருச்சி)

வேண்டாம். அவள் எதையும் மறக்கவில்லை. படித்தது உள்ளேதான் இருக்கிறது, அந்த நேரத்தில் எடுக்க முடியவில்லை. அதனால்தான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விடை பளிச்சென்று ஞாபகம் வருகிறது. பயம் வந்தால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. மூளையில் நினைவுகளுக்குப் பொறுப்பான ஹிப்போகேம்பஸ், இந்தக் கார்ட்டிசால் வந்து ஒட்டிக்கொள்ளும் முக்கியமான இடம். அமெரிக்க மூளை விஞ்ஞானி புரூஸ் மெக்எவன் 1968இல் எலிகளிடம் இதைக் கண்டுபிடித்தார். கார்ட்டிசால் ஏறியிருக்கும்போது பழைய நினைவைத் தேடி எடுப்பது சிரமம்.

புத்தகத்தையே திரும்பத் திரும்ப வாசிப்பதை நிறுத்தி, மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படிப் பதிந்தது பதற்றத்திலும் அவ்வளவு எளிதில் நழுவாது. அப்புறம், விடிகாலை மூன்று மணிக்கு எழுப்பாதீர்கள். பகலில் படித்ததை மூளை கெட்டிப்படுத்துவது தூக்கத்தில்தான்.

வயது 45. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் சந்தேகம் வருகிறது. மறதி நோயா? (வாசகி, கோவை)

பெரும்பாலும் இல்லை. கவலையோடு அணைத்த அடுப்பை மனம் கவனிக்கவே இல்லை, கவனிக்காதது பதியாது. தைராய்டு, வைட்டமின் பி12 இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எட்டு மாதக் குழந்தை தூங்கும்போதுதான் நாங்கள் சண்டை போடுகிறோம். அதற்கென்ன தெரியும் என்கிறார் மாமியார். (வாசகி, சேலம்)

வார்த்தை தெரியாது, குரல் தெரியும். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் 6 முதல் 12 மாதக் குழந்தைகளைத் தூங்க வைத்து, காதில் கோபக் குரலை ஒலிக்கவிட்டு மூளையை ஸ்கேன் செய்தார்கள். 2013இல் முடிவு வெளியானது. சண்டை அதிகமான வீட்டுக் குழந்தைகளின் மூளை, அந்தக் குரலுக்குக் கூடுதலாகத் துடித்தது. இதைப் படித்துவிட்டுக் குற்றவுணர்வில் உட்கார்ந்துவிடாதீர்கள். சண்டையே வராத வீடு கிடையாது. தினமும் அதுவேயாக இருப்பதுதான் ஆபத்து. சத்தத்தைக் குறைக்க முடியவில்லை என்றால் இருவருமாகப் போய் ஓர் ஆலோசகரைப் பாருங்கள்.

ஒன்றரை வயதுப் பையனைத் தத்தெடுக்கிறோம். இதுவரை காப்பகத்தில் இருந்தவன். அந்தப் பாதிப்பு மாறுமா? (வாசகர், மதுரை)

உங்கள் கேள்விக்கு ருமேனியாவில் பதில் இருக்கிறது. சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1989இல் விழுந்தபோது அந்நாட்டுக் காப்பகங்களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கிடந்தார்கள். சோறு உண்டு, துணி உண்டு, பேர் சொல்லித் தூக்க ஆள் இல்லை. பின்னர் தலைநகர் புக்கரெஸ்டில் ஆராய்ச்சியாளர்கள் 136 காப்பகக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, எல்லோரையும் பல ஆண்டுகள் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத்திறன் உயர்ந்தது. இரண்டு வயதுக்குள் போனவர்கள் மனிதரோடு ஒட்டுவதில் நன்றாகத் தேறினார்கள், மூளையின் மின் அலைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. எல்லாமே முழுதாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் நல்ல வயதில் கூட்டிவருகிறீர்கள்.

ஒன்று மட்டும். யாரும் வராத இடத்தில் வளர்ந்த குழந்தை அழுவதையே விட்டிருக்கும். ராத்திரி விழித்துக்கொண்டு சத்தமில்லாமல் படுத்திருந்தால், சமத்து என்று விட்டுவிடாதீர்கள். போய்த் தூக்குங்கள். சில வாரங்களில் உங்களைக் கூப்பிட அழத் தொடங்கினால், அது நல்ல செய்தி.