சோலன் யார், சோழனா? (கேள்வி பதில்)

காட்பாடி வாசகர்: சார், அமெரிக்கப் பேப்பர் தலைப்பில் ‘சோலன்ஸ்’ என்று இருக்கிறது. உள்ளே படித்தால் நம்ம எம்.எல்.ஏ. மாதிரி ஆட்கள். ஏன் அப்படி?

சோலன் என்பது ஓர் ஆளின் பெயர். கிரேக்க நகரமான ஏதென்ஸில் கி.மு. 594-இல் பதவிக்கு வந்தவர். அப்போது அங்கே கடன் வாங்குகிறவன் தன் உடம்பையே அடமானம் வைப்பான், கட்ட முடியாவிட்டால் அடிமை, வெளியூருக்கும் விற்றுவிடுவார்கள். முன்பணம் வாங்கிவிட்டு அரிசி ஆலையில் குடும்பத்தோடு அடைபட்டவர்களைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976-இல்தான். சோலன் அந்தக் கடன்களை ரத்து செய்து, ஆளை அடகு பிடிப்பதையே தடை செய்தார். சட்டங்களை மரப்பலகைகளில் எழுதிவைத்துவிட்டு, இருந்தால் மாற்று மாற்று என்று பிடுங்குவார்கள் என்று பத்து வருஷம் ஊரைவிட்டே போய்விட்டார்!

அந்த மரியாதையில் சட்டம் செய்கிறவர் எல்லாம் ஆங்கிலத்தில் ‘சோலன்’ ஆனார்கள். தலைப்பு எழுதுகிறவனுக்கு இன்னொரு வசதி, ஆங்கிலத்தில் இது ஐந்தே எழுத்து, ‘லெஜிஸ்லேட்டர்’ பத்து. ஒற்றைப் பத்தியில் இடிக்காது. பிலிப்பைன்ஸ் பேப்பர்களிலும் பார்க்கலாம். சில சமயம் கிண்டலாகவும் போடுவார்கள்.

குடியாத்தம் தம்பி: செனட்டர்?

லத்தீனில் ‘செனெக்ஸ்’ என்றால் கிழவர். அதிலிருந்து வந்த சொல், அவ்வளவுதான்.

ஆரணி வாசகர்: ஐயா, சோலன் என்பது நம் சோழன்தானே? ழகரம் வராமல் லகரமாக்கிவிட்டார்கள்.

இல்லை. காதுக்கு ஒன்றுபோல் கேட்பது ஆதாரம் ஆகாது, எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆற்காடு வாசகர்: சோழன்தான் என்று எனக்கும் தோன்றுகிறது.

மேலே படிக்கவும்.

சத்துவாச்சாரி வாசகி: கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போகவில்லையா அண்ணா? சோழன் மட்டும் போகக்கூடாதா?

சரி, இது நியாயமான கேள்வி. கட்டுமரம் போன வழி தெரியும்: நம் கரையில் இறங்கிய ஐரோப்பியர் கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டு போன சொல். சோழனும் போனான், ஆனால் வேறு வாசல் வழியாக. சோழமண்டலம்தான் ‘கோரமாண்டல்’ ஆனது. பெருமைப்பட அது போதாதா? மேல்பாடிக்குப் போய் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குக் கட்டிய பள்ளிப்படையை, அதாவது நினைவுக் கோயிலைப் பாருங்கள். ஏதென்ஸ்காரரை விட்டுவிடுங்கள்.

வாலாஜா வாசகர்: அப்போ சோலன்...

சோழன் இல்லை!

பெயர் வேண்டாம் என்றவர்: எங்கள் வார்டு கவுன்சிலரையும் சோலன் எனலாமா? தெருச் சாக்கடை ஆறு மாசமாக அடைத்திருக்கிறது.

பொதுக் கிணறு பக்கத்தில் இருந்தால் அதில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று சோலன் சட்டம் போட்டதாக, அவர் வரலாற்றை எழுதிய பழங்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். சாக்கடைக்கு மனு எழுதி, கையெழுத்தோடு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.