கட்டு பிரித்த கை, மறுபடி மரம் ஏறலாமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. விடுமுறையில் தாத்தா வீட்டு முருங்கை மரத்திலிருந்து விழுந்து வலது முழங்கை முறிந்தது. கம்பி வைத்துக் கட்டுப் போட்டார்கள். 4 வாரத்தில் கம்பியை எடுத்துக் கட்டையும் பிரித்தாயிற்று. பத்து நாளாகியும் கை முழுதாக நீளவில்லை. எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்கிறார் மாமியார். பையனோ மறுபடி மரம் ஏற வேண்டும் என்கிறான். இனி அவனை வெளியிலேயே விடக் கூடாது என்கிறார் கணவர். என்ன செய்வது? (ஒரு தாய், பொள்ளாச்சி)

பதில்: முதலில் அந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வையுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த வரி அதுதான்.

முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு தகடு போல மெலிந்திருக்கும். இந்த வயதுப் பிள்ளைகள் கையூன்றி விழுந்தால் அங்கேதான் அதிகம் முறியும். எலும்பு 3, 4 வாரத்தில் கூடிவிடும். ஆனால் அத்தனை நாள் மடங்கிக் கிடந்த மூட்டு உடனே நீளாது. சட்டை மாட்டுவது, சோறு பிசைவது, குவளையில் மொண்டு குளிப்பது என்று அவனாக அசைக்க அசைக்கத்தான் நீளும். சிலருக்கு மூன்று நான்கு மாதம்கூட ஆகும். அதற்கும் மேல் நாளானால் உங்கள் மருத்துவரிடமே திரும்பப் போங்கள்.

இன்னொருவர் பிடித்து இழுத்தால் தசைக்குள் ரத்தம் கசியும். அங்கே புது எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிவிடலாம். என்னிடம் வந்த ஒரு சிறுமிக்கு இட்லியை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. குனிந்து வாயைத் தட்டுக்குக் கொண்டுபோனாள். முறிவு ஒழுங்காகத்தான் கூடியிருந்தது. பதினைந்து நாள், தினமும் அழ அழ உருவியிருக்கிறார்கள். இப்படி உருவிவிடுகிறவர்கள் மருத்துவமனை வாசலிலேயே நின்று ஆள் பிடிக்கிறார்கள். கமிஷனுக்காக ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் விடுகிறவர்களும் உண்டு. "வலித்தால்தான் சரியாகும்" என்பார்கள். நம்பவே நம்பாதீர்கள்.

சரி, மரத்துக்கு வருவோம். ஏறட்டும். கட்டுப் பிரித்த நாளிலிருந்து 6 முதல் 8 வாரம் பொறுங்கள். எக்ஸ்ரே பார்த்து உங்கள் மருத்துவர் சரி என்றதும் விடுங்கள். ஆனால் யாரும் அவனைத் தூக்கிக் கிளையில் உட்கார வைக்கக் கூடாது. தானாக ஏறுகிற பிள்ளை ஒவ்வொரு கிளையையும் காலால் அழுத்திப் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போவான். இறங்கும்போது அந்த வழி அவன் காலுக்குத் தெரியும். மாமா ஏற்றிவிட்ட பிள்ளைக்குத் தெரியாது. மரத்தடியில் துவைக்கிற கல், செங்கல் கிடந்தால் அகற்றுங்கள். மண்ணைக் கொத்திவிடுங்கள்.

முருங்கை மட்டும் கூடவே கூடாது. தொடைப் பருமன் கிளைகூட நம்பத் தகுந்ததல்ல. வெட்டிப் பாருங்கள், உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும். மற்ற மரங்கள் வளைந்து கொடுக்கும், முறியும் முன் கிரீச்சிடும். முருங்கை சட்டென்று ஒடியும். மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கூட்டமாக ஒட்டியிருக்கும். அதில் கை பட்டதும் பிள்ளை பிடியை விட்டுவிடுவான். காய் பறிக்கத் தொரட்டி இருக்கிறது, பிள்ளையை ஏற்ற வேண்டியதில்லை. தாத்தா வீட்டில் கொய்யா இருந்தால் அதைக் காட்டுங்கள். புளியங்கொம்பைப் பிடித்தவன் என்று நம் ஊரில் சும்மா சொல்லவில்லை.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: கட்டிலிலிருந்து விழுந்து இதே எலும்பை முறித்துக்கொண்டு வரும் பிள்ளைகளை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

அப்புறம் பள்ளி. பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. எத்தனை பள்ளிகளில் அங்கே வேன்கள்தான் நிற்கின்றன! பி.டி. பீரியடில் கணக்கு நடக்கிறது. மருத்துவர்களாகிய எங்களில் பலரும் "6 மாதம் விளையாட்டு வேண்டாம்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடுகிறோம். நாளைக்கு ஏதாவது ஆனால் நம் தலையில் விழக் கூடாது என்ற பயம்தான். அந்தச் சீட்டை வாங்காதீர்கள். எந்தத் தேதியிலிருந்து விளையாடலாம் என்று தேதி போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். தேதி இல்லாவிட்டால் ஆண்டு முழுவதும் அவனை ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள்.