குழித்துறையிலிருந்து ஒரு குழி

கேள்வி: செவ்வாயின் நிலவான போபோஸில் உள்ள பெரிய குழிக்கு ஸ்டிக்னி என்று ஒரு பெண்ணின் பெயரை வைத்திருக்கிறார்களாமே? குழிக்குப் பெயர் வைப்பது பெருமையா, கேலியா?
- ஒரு வாசகர், குழித்துறை

பதில்: குழித்துறைக்காரர் கேட்காமல் குழியைப் பற்றி வேறு யார் கேட்பார்? முதலில், 'குழி' என்றே எழுதியதற்கு நன்றி ஓய். தக்கலையில் எனக்கு ஒரு தமிழாசிரியர் நண்பர் உண்டு. நான் குழி என்று எழுதினால் மூன்றாம் நாள் அஞ்சலட்டை வந்துவிடும்: 'கிண்ணக்குழி என்பதே சரி.' இந்தக் குழிக்கு ஆங்கிலத்தில் கிரேட்டர் (crater), அதற்குக் கிரேக்கத்தில் கிண்ணம் என்றுதான் பொருள், திராட்சை மதுவில் தண்ணீர் கலக்கிற பெரிய பாத்திரம். ஒப்புக்கொள்கிறேன். அதற்காக எங்கள் அலுவலக வாசலில் கிடப்பதைக் கிண்ணம் என்று சொல்ல முடியுமா? குடிநீர்க் குழாய்க்கு என்று அதைத் தோண்டினார்கள். மூடுவதற்குள் கேபிள்காரர்கள் வந்து, அதற்குள்ளேயே இன்னொன்று தோண்டினார்கள். ஆடி மழையில் இரண்டும் நிறைந்து ஒன்றாகிவிட்டன. போன வாரம் சந்தா கட்ட வந்த ஒரு பெரியவர் சைக்கிளோடு உள்ளே இறங்கினார். எழுந்து வேட்டியைப் பிழிந்துவிட்டு, பழைய சந்தாவையும் நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டிக்னிக்குள்ளும் இப்படி ஒரு குட்டிக் குழி உண்டு, பெயர் லிம்டாக். அங்கே தோண்டியது கேபிள்காரர் அல்ல, விண்கல். போபோஸின் சராசரி விட்டமே 22 கி.மீ.தான், நாகர்கோவிலில் பஸ் ஏறிக் கன்னியாகுமரியில் இறங்குகிற தூரம் என்று வையுங்கள். அதில் 9 கி.மீ. அகலத்துக்குக் குழி! அந்த அடியில் நிலா உடையாமல் தப்பியதே பெரிசு. 60 கிலோ ஆளுக்கு அங்கே எடை 35 கிராம், ஒரு மட்டிப் பழம் தேறும். நம் பெரியவர் அங்கே விழுந்திருந்தால் வேட்டி நனைந்திருக்காது, சந்தாவும் தப்பியிருக்கும்.

சரி, பெயருக்கு வருவோம். ஆஞ்சலின் ஸ்டிக்னி கணக்கு டீச்சர். அவரிடம் படித்த அசாப் ஹால் டீச்சரையே கட்டிக்கொண்டார். 1877 ஆகஸ்டில் வாஷிங்டன் கடற்படை வானாய்வகத்தில் செவ்வாய்க்கு நிலா தேடித் தேடி அலுத்துப்போன ஹாலை, விடாமல் தேடச் சொன்னவர் இந்த அம்மாள்தான். சில நாளில் ஒன்றல்ல, இரண்டு நிலா அகப்பட்டன. இதே அம்மாள், கணவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்ததற்கு ஓர் ஆணுக்குத் தரும் சம்பளத்தைக் கேட்டிருக்கிறார். ஹால் முடியாது என்றார். அம்மாள் கணக்குப் போடுவதை அத்தோடு நிறுத்திவிட்டார். அவர் இறந்தது 1892இல், குழிக்குப் பெயர் வைத்தது 1973இல். அதுவும் பிறந்த வீட்டுப் பெயர். ஹாலுக்கும் அதே நிலவில் ஒரு குழி கொடுத்திருக்கிறார்கள், மனைவியுடையதைவிடச் சின்னது. பெருமையா கேலியா என்றால், பழைய சம்பள பாக்கி என்பேன்.

இந்தப் பக்கத்துக்கு இருபது வருடமாக மெய்ப்புப் பார்ப்பவர் என் வீட்டுக்காரி. மேலே உள்ள வரி வரைக்கும் திருத்தினார். அப்புறம் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த கேள்வியிலிருந்து எழுத்துப்பிழைகள் இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.