எந்த வறட்சியைத் தாங்கும்? விதை வாங்குவோர் கேள்வி-பதில்

தாம்பரத்தில் வேலை. முதுகுளத்தூர் பக்கம் 2 ஏக்கர் மானாவாரி. ‘வறட்சி தாங்கும் நெல்’ என்று ஒரு பாக்கெட் விற்கிறார்கள். வாங்கலாமா?

எந்த வறட்சி என்று முதலில் கடைக்காரரைக் கேளுங்கள். இந்த ஒரு சொல்லை அச்சடித்தே வியாபாரம் நடப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தப்பிக்கும் ரகம் வேறு, தாங்கும் ரகம் வேறு. முன்னது வயது குறைந்தது, மழை ஓய்வதற்குள் முற்றிவிடும். பின்னது நடுவில் சில நாள் காய்ந்து இலை சுருண்டாலும் அடுத்த மழைக்கு எழுந்துகொள்ளும். ஆனால் எதுவானாலும் பூக்கும் நேரத்தில் வயல் வெடித்தால் பதர்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புழுதியில் விதைத்த நெல்லுக்கு வயதை விதைத்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, முளைக்கவைத்த மழையிலிருந்து எண்ண வேண்டும். அக்டோபர் 15-இல் மழை என்றால் 105 நாள் ரகம் டிசம்பர் கடைசியில் பூக்கும். 135 நாள் ரகம் பூப்பது ஜனவரி கடைசியில், வடகிழக்குப் பருவமழை போன பிறகு. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009-இல் வந்த அண்ணா (ஆர்) 4, 100 முதல் 105 நாள். உங்கள் பக்கத்து மானாவாரிக்கென்றே வந்தது. ஏக்கருக்கு 30 கிலோ. 10 கிலோ விதைக்கு 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, 16 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் உலர்த்தி விதையுங்கள். வயதும் ஏற்ற மாவட்டமும் சொல்லாத பாக்கெட்டைத் தொடாதீர்கள்.

வீரிய ஒட்டு மக்காச்சோளம் நன்றாக விளைந்தது. அதிலேயே விதை எடுக்கலாமா?

கூடாது. அடுத்த தலைமுறையில் செடிக்குச் செடி மாறும், விளைச்சல் இறங்கும். ஒட்டு அல்லாத நெல், உளுந்து ரகங்களில் எடுக்கலாம்.

நான் வேளச்சேரியில். அப்பா போளூரில் சான்று நிலக்கடலை விதை வாங்கி விதைத்தார். பாதிகூட முளைக்கவில்லை. ‘மண்ணில் ஈரமில்லை’ என்கிறது கடை. பில் இருக்கிறது.

மனசு கஷ்டமாக இருக்கிறது. போனது விதைக் காசு மட்டுமல்ல, பருவமும்தான். சான்று நிலக்கடலைக்கு 70 விழுக்காடு முளைப்பு இருந்தாக வேண்டும். வயலை இப்போதைக்கு உழ வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். பை, அதிலுள்ள நீலச் சான்று அட்டை, மீதி விதை எல்லாம் பத்திரம். வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்தில் மனு கொடுத்து, வயலைப் பார்த்து முளைப்பை எண்ணச் சொல்லி, அறிக்கை நகல் வாங்குங்கள். காயாக வாங்கினாரா, பருப்பாகவா என்றும் கேளுங்கள்: உடைத்த பருப்பைப் பல வாரம் வைத்திருந்தால் முளைப்பு விழும், எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும்.

விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று தேசிய விதைக் கழக வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. 2019 சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தொடுக்கலாம். பில் அப்பா பெயரில் என்றால் திருவண்ணாமலையில், உங்கள் பெயரில் என்றால் சென்னையில்.

நீல அட்டை, பச்சை அட்டை. எது நல்லது?

நீலம் சான்று விதை: விதைச் சான்றுத் துறை வயலாய்வும் பரிசோதனையும் முடித்தது, பரிசோதித்த நாளிலிருந்து 9 மாதம் செல்லும். பச்சை உண்மைநிலை விதை: தரத்துக்கு உற்பத்தியாளர் சொல்தான் உத்தரவாதம். இரண்டும் கிடைத்தால் நீலத்தை எடுங்கள்.

உளுந்து சரியாக முளைக்கவில்லை. பில் வாங்கவில்லை, பாக்கெட்டையும் எரித்துவிட்டோம். நஷ்டஈடு கிடைக்குமா?

எதை வைத்துக் கேட்பீர்கள், சாம்பலை வைத்தா? மாடித் தோட்டத்துக்குப் பில் இல்லாமல் வெண்டை விதை வாங்கி ஏமாந்தவன்தான் நானும். அதனால்தான் இந்தக் கோபம். அடுத்த முறை ரகம், குவியல் எண் (lot no.), காலாவதி நாள் மூன்றும் எழுதிய பில்லைக் கேளுங்கள். அள்ளி விதைக்குமுன் 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். உளுந்தில் ஒரு வாரத்தில் 75-க்குக் குறைவாக முளைத்தால் சாக்கோடு கடைக்கே எடுத்துப் போங்கள்.