மைக்ரோபயாலஜி: பாடத்தை விட லேப்தான் பெண்டு நிமிர்த்தும்

நீட் கைகொடுக்காததால் மகள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி (நுண்ணுயிரியல்) சேர்கிறாள், தாக்குப்பிடிப்பாளா என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. பிளஸ் டூ மார்க்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். நன்றாக மனப்பாடம் செய்யும் பிள்ளைகளே லேபில் திணறுவதுண்டு.

இங்கே செய்த தப்பு மறுநாள்தான் தெரியும். கிருமியை எடுக்கும் கம்பி வளையமான லூப்பைச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிடாமல் கல்ச்சரை, அதாவது வளர்த்துவைத்த கிருமியைத் தொட்டால் அது செத்துப்போகும். அதைத் தீற்றி 37 டிகிரியில் ஒரு நாள் வைத்த கண்ணாடித் தட்டு வெறுமையாக இருக்கும். கிருமி வளர்வதற்கான ஜெல்லியான அகாரை 45–50 டிகிரிக்கு ஆறுமுன் தட்டில் ஊற்றினால் மூடியில் நீர் கோக்கும். அது சொட்டினால் காலனிகள், அதாவது கிருமி வளர்ந்த புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். தட்டைக் கவிழ்த்து வைப்பதும் அதனால்தான். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம். உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றாமல் வால்வை மூடினால் முள் 15 காட்டும், சூடு மட்டும் ஏறியிருக்காது.

சாயமேற்றிக் கிருமிகளை ஊதா, சிவப்பு என்று இரண்டு வகையாகப் பிரிக்கும் கிராம் ஸ்டெயினில் கிறிஸ்டல் வயலட் 1 நிமிடம், அயோடின் 1 நிமிடம், பிறகு ஆல்கஹால், கடைசியில் சாஃப்ரனின். வழுக்குவது ஆல்கஹாலில். சில நொடி கூடினாலே ஊதாவாக நிற்க வேண்டியது சிவப்பாகிவிடும். கல்ச்சர் பழசாக இருந்தாலும் இதே கதைதான். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) விரும்பிக் கேட்கிற கேள்வி இது. தயிரைத் தண்ணீரில் கரைத்து ஸ்மியர் போட்டு, அதாவது கண்ணாடித் துண்டில் மெல்லத் தடவிப் பழகச் சொல்லுங்கள், ஊதாக் குச்சிகளோ உருண்டைகளோ தெரிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை போட்ட தட்டு திங்கள் வரை இன்குபேட்டரில் கிடந்தால் காலனிகள் பரவிவிடும். ஒரு தட்டில் 30 முதல் 300 காலனி வரை இருந்தால்தான் கணக்கில் சேரும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய்வருகிறவள் என்றால், சனிக்கிழமை லேப் திறந்திருக்குமா என்று சேருமுன்பே விசாரியுங்கள். ரெக்கார்டை அன்றன்றே எழுத வேண்டும். கிருமியின் அறிவியல் பெயரில் இரண்டு சொற்களுக்கும் தனித்தனியாக அடிக்கோடு. முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டும் கேபிடல்.

வேலை விஷயத்தில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் வேலைக்குப் பெரும்பாலும் டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டெக்னாலஜி டிப்ளமோ) கேட்பார்கள், இந்த டிகிரி அதற்கு ஈடாகாது. மருந்து, பால், இறால் தொழில்களின் தரப் பரிசோதனை இதற்குப் பொருத்தம். ஆராய்ச்சி ஆசை இருந்தால் பறங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம் பக்கத்திலேயே இருக்கிறது. நோய் பரப்பும் கொசு போன்றவற்றை ஆராயும் புதுச்சேரி வி.சி.ஆர்.சி.யில் கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தையே உருவாக்கியிருக்கிறார்கள்.

லேப் கோட் காட்டனில், முழுக்கை வைத்து வாங்குங்கள். பாலியஸ்டர் பர்னர் தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.